பச்சை லாரி நின்ற இடங்கள்

நம் வயதுக்காரர்கள் யாராவது நாலு பேர் ஒன்று சேர்ந்தால் போதும், பேச்சு சுற்றி வளைத்து எங்கள் வீட்டு மிலிட்டரி லாரியில் வந்து நின்றுவிடுகிறது. "ஒங்க அப்பா வண்டிய நாங்க தள்ளுன தள்ளுக்குத்தான் இப்ப முட்டி தேஞ்சு போச்சு" என்று சொல்லிச் சிரிக்கிறீர்கள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. உங்களுக்குத் தெரிந்தது சிரிக்கிற பாதி மட்டும்தான். மீதியை எங்கள் வீட்டில் யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. அந்த வீட்டுப் பெரியவர்களில் இன்றைக்கு யாரும் இல்லை. நான் ஒருத்திதான் மிச்சம். சொல்லிவிடுகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். நடுவில் யாரும் "அட விடுத்தா, பழங்கதை" என்று சமாதானம் சொல்ல வரவேண்டாம்.

திருச்சியில் ராணுவத்தின் பழைய வண்டிகளை ஏலத்தில் எடுத்து விற்கிற ஒருவரிடமிருந்துதான் அப்பா அதை வாங்கி வந்தார். ஆலங்குடிப் பக்கம் அப்போது அப்படி ஒரு வண்டி கிடையாது. மூக்கு நீண்ட, கரும்பச்சை நிற லாரி. முன்விளக்குகளுக்கு மேலே தகரத்தில் இமை வைத்திருந்தார்கள். சண்டைக் காலத்தில் வெளிச்சம் மேலே தெரியாமலிருக்க என்று அப்பா விளக்கம் சொன்னார். அவருக்கும் யாரோ சொன்னதுதான். கதவில் இருந்த வெள்ளை எண்களை எவ்வளவு சுரண்டியும் முழுதாகப் போகவில்லை. டிரைவருக்கு முன்னால் இந்தியிலும் இங்கிலீஷிலும் ஏதேதோ எழுதிய பித்தளைத் தகடு ஒன்று இருந்தது. வீட்டில் யாருக்கும் வாசிக்கத் தெரியாததால் அதற்கும் சாமி படத்தோடு சேர்த்துப் பூ வைத்தோம். தார்ப்பாய் போடுவதற்கான இரும்பு வளைவுகளில் நீங்கள் எல்லாரும் வௌவால் போலத் தொங்கினீர்கள். அதில் ஒருத்தருக்குப் பல் போனது. யாரென்று சொல்ல மாட்டேன், பேரன் பேத்தி எடுத்தாயிற்று.

ஊர் ஊராகக் கடலை மூட்டை ஏற்றி ஆலங்குடி மில்லுக்குக் கொண்டுபோய் இறக்குவதுதான் அதற்கு வேலை. ஓட்டுவதற்கு மாமா வந்தார். அம்மாவுக்குச் சித்தப்பா மகன். திருமயத்துக்குப் பக்கத்துக் கிராமம். அதுவரை நார்த்தாமலைப் பக்கம் கல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். "சொந்தக்காரன் கையில சாவி இருந்தா நாம நிம்மதியாத் தூங்கலாம்" என்று சொல்லி அப்பாதான் அவரைக் கூப்பிட்டுக்கொண்டார்.

எங்கள் வீட்டில் அப்போது அத்தை இருந்தாள், அப்பாவின் கடைசித் தங்கை. ஜாதகம் சரியில்லை, கிரகம் சரியில்லை என்று வந்த வரன்களெல்லாம் தட்டிப்போய், யாராவது விருந்தாள் வந்தால் அடுப்படியை விட்டு வெளியே வராமல் இருக்கப் பழகிவிட்டவள். மாமா வந்த பிறகு அவள் வாசலுக்கு வர ஆரம்பித்தாள். இதை முதலில் பார்த்தது அம்மா. அம்மா அப்பாவிடம் சொல்ல, அப்பாவுக்கும் இஷ்டம்தான். "கடலை முடியட்டும். தை பொறந்ததும் கல்யாணத்த முடிச்சுருவோம்" என்று வாக்குக் கொடுத்தார். அத்தைதான் எனக்குத் தலை பின்னிவிடுவாள். லாரியின் சத்தம் கண்மாய் வளைவில் கேட்டுவிட்டால் பின்னல் கோணிக்கொள்ளும். "ஏத்தா, நேரா இரேன்டி" என்று என்னைத்தான் குட்டுவாள். அந்தக் கோணல் சடையோடுதான் நான் பள்ளிக்கூடம் வந்தேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு வண்டியைக் கண்மாயில் இறக்கிக் கழுவினார்கள். ஸ்பானர், ஜாக்கி, சக்கரம், ஸ்டியரிங் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். டீசல் டேங்கின் மூடிக்கு மட்டும் யாரையும் அப்பா வைக்க விடவில்லை. "இதுதான் வண்டிக்கு வயிறு. வயிறு எப்பவும் நெறைஞ்சிருக்கணும்" என்று சொல்லி, மஞ்சள் கலந்து கெட்டியாகக் குழைத்த சந்தனத்தை உள்ளங்கை நிறைய எடுத்து அந்த மூடியில் அப்பினார். உள்ளங்கை அகல இரும்பு மூடி அது. நடுவில் சின்னதாக ஒரு மேடு, மேட்டின் அடியில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை. துளையை அப்போது யாரும் கவனிக்கவில்லை. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் மூடிக்குச் சந்தனம் சாத்துவது வழக்கமாகிவிட்டது.

அதற்கப்புறம்தான் வண்டி நிற்க ஆரம்பித்தது.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று சத்தம் கம்மும். இரண்டு குலுக்குக் குலுக்கிவிட்டு அப்படியே அடங்கிப்போகும். பள்ளிக்கூட வாசலில் நின்றிருக்கிறது, சந்தைக்குள் நின்றிருக்கிறது, சாவு ஊர்வலத்துக்கு முன்னால் போய் நின்று, பாடையைச் சுற்றிக்கொண்டு போக வைத்திருக்கிறது. நான் வண்டிக்குள் இருந்தால் குனிந்துகொள்வேன். "மிலிட்டரி படுத்துருச்சு டோய்" என்று கத்திக்கொண்டு நீங்கள் ஓடிவருவீர்கள். எனக்கு அழுகை வரும். அந்த வெட்கமெல்லாம் ஒன்றுமே இல்லை என்று பிறகு தெரிந்தது.

வண்டி நின்றதும் மாமா முதலில் டேங்க் மூடியைத் திறந்து மூங்கில் குச்சியை விட்டுப் பார்ப்பார். ஏனென்றால், வண்டி நின்றது என்று சொன்னதும் அப்பா கேட்கிற முதல் கேள்வி "டீசல் இருக்கான்னு பாத்தியா?" என்பதுதான். குச்சியில் டீசல் ஈரம் பாதிக்குமேல் இருக்கும். மூடியைப் போட்டுவிட்டு பானெட்டைத் தூக்குவார். ஃபில்டருக்குப் பக்கத்தில் இருக்கும் திருகை ஸ்பானரால் லேசாகத் தளர்த்திவிட்டு, இன்ஜின் ஓரத்திலிருக்கிற கை பம்பை அடித்துக்கொண்டே இருப்பார். முதலில் நுரை நுரையாகக் கொப்பளிக்கும். அப்புறம் நுரை நின்று, சுத்தமான டீசல் வழியும். "ஏர் போயிருச்சு" என்று திருகை இறுக்கிவிட்டு சாவியைப் போட்டால் வண்டி உறுமிக்கொண்டு எழுந்துவிடும். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் அதே கதைதான்.

ஆளாளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். அப்பா ஃபில்டரை மாற்றச் சொன்னார். மாற்றிவிட்டு டேங்கைத் திறந்து டீசல் ஊற்றி எடுத்தால் வண்டி ஓடியது. "பாத்தியா, ஃபில்டர்தான்" என்றார். மறுநாள் நின்றது. ஆலங்குடி மெக்கானிக், டீசல் வருகிற செம்புக் குழாயில் எங்கோ காற்று இழுக்கிறது என்று சொல்லி, இணைப்புகளில் நூல் சுற்றி பார் சோப்பைத் தேய்த்து அடைத்தார். டேங்கைத் திறந்து பார்த்துவிட்டு எடுத்தார், ஓடியது. "நாஞ் சொன்னேன்ல, சோப்புதான்" என்றார். அதுவும் ஒருநாள் கூத்து. பிறகு டேங்கையே கழற்றிக் கழுவினார்கள். உள்ளிருந்து துருவும் மண்ணும் ஒரு கூழாங்கல்லும் வந்தன. ராணுவத்துக் கல் என்று அதை உங்களில் ஒருவர் வெகுகாலம் பையில் வைத்திருந்தீர்கள். கழுவிய டேங்கை மாட்டி, மூடியைப் போட்டு, புதிதாகச் சந்தனமும் சாத்தி அனுப்பினோம். முந்திரிக்காடு தாண்டவில்லை, நின்றுவிட்டது.

அப்பாவுக்குக் கண்ணேறு என்று தோன்றியது. எலுமிச்சம்பழம் கட்டினார், பூசணிக்காய் உடைத்தார். வண்டி நிற்க நிற்க மூடியில் சந்தனமும் கனத்துக்கொண்டே போனது. பழையது காய்ந்து பாறையாகும், அதன் மேலேயே புதியது. மூடியைக் கழுவக்கூடாது, சாமிக்குச் சாத்தியது என்று எங்களுக்கு உத்தரவு வேறு.

ஒருநாள் பால்காரர் வந்து அப்பாவிடம் குசுகுசுத்தார். முந்திரிக்காட்டு ரோட்டில் வண்டி நின்றதாம். ஆள் நடமாட்டம் இல்லாத இடமாம். ஒங்க மச்சினன் டேங்க் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு கேனோடு நின்றாராம். இவர் சைக்கிளில் தாண்டிப் போன கொஞ்ச நேரத்தில் வண்டி கிளம்பிவிட்டதாம்.

கேன் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுகிற கேன். வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கேன்தான். ஆனால் அப்பாவின் மனசு அதற்குள் வேறு பக்கம் திரும்பிவிட்டது. அன்று சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

"டேங்கு நெறைய இருக்கற அன்னைக்குத்தான் வண்டி சீக்கிரம் நிக்குது, கவனிச்சியா? கொறைவா இருக்கற அன்னைக்கு அம்புட்டுத் தூரம் ஓடுது. நின்னா மொதல்ல எங்க போறான்? டேங்குக்கு. டேங்கத் தெறந்துட்டு எடுத்தா வண்டி ஓடுது. அது எப்படி? இவனே நிறுத்துறான், பம்பு செட்டுக்காரனுக்கு ஊத்திவிடுறான், இவனே எடுத்துக்கிட்டு வாரான்."

"எந்தம்பி அப்படிப்பட்டவன் இல்லங்க" என்றாள் அம்மா.

"ஒந்தம்பிங்கறதாலதான் இத்தனை நாளு வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

அத்தை நீர்மோர்ச் செம்போடு நின்றிருந்தாள். "கண்ணால பாத்தீங்களாண்ணே?" என்று கேட்டாள். அவள் அப்பாவை எதிர்த்து ஒரு கேள்வி கேட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இதெல்லாம் பாக்கணுமாக்கும். நீ உள்ள போ."

அப்பா சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை பாருங்கள். டேங்க் நிறைந்திருந்தால் சீக்கிரம் நின்றது உண்மை. மாமா முதலில் டேங்கைத் திறந்தது உண்மை. திறந்ததும் ஓடியது உண்மை. எல்லா உண்மையையும் சேர்த்து ஒரு மனுஷனைத் திருடனாக்கிவிட்டார்.

அதோடு விட்டாரா? ஊரைக் கூட்டினார். கருப்பர் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்று முடிவாயிற்று. மாமா மறுக்கவில்லை. "பண்றேன்" என்று ஒரே வார்த்தை. வெள்ளிக்கிழமை என்பதால் அப்பா காலையிலேயே குளித்து, மூடிக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சந்தனம் அப்பி, "கருப்பா, நீதான்டா காட்டிக் குடுக்கணும்" என்று கும்பிட்டார். அந்த லாரியிலேயே ஊர்க்காரர்கள் ஏறிக்கொண்டார்கள். ஓட்டியதும் மாமாதான். தன்னைக் குற்றம் சாட்டினவர்களைத் தானே ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனார். உங்களில் பாதிப்பேர் பின்னால் வளைவைப் பிடித்துக்கொண்டு வந்தீர்கள், திருவிழாவுக்குப் போகிற சந்தோஷம் உங்களுக்கு.

சூடம் கொழுந்துவிட்டு எரிந்தது. மாமா சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, "ஒரு சொட்டு டீசல் நான் எடுத்ததில்ல. எடுத்திருந்தா கருப்பர் என்னக் கேக்கட்டும்" என்று சொல்லி, உள்ளங்கையால் சூடத்தை அடித்து அணைத்தார். அம்மா அழுதாள். அப்பா முகத்தில்கூட ஒரு தெளிவு வந்தது. சரி, முடிந்தது, தையில் கல்யாணம் நடக்கும் என்று நான் நினைத்தேன். அத்தையும் நினைத்தாள். திரும்பி வரும்போது என் கையைப் பிடித்திருந்த அவள் பிடி தளர்ந்திருந்தது.

கண்மாய்க்கரை மேட்டில் ஏறும்போது வண்டி கம்மியது, குலுக்கியது, நின்றுவிட்டது.

பின்னாலிருந்து ஒரு குரல், "கருப்பர் காட்டிட்டாருப்பா" என்றது. யார் குரல் என்று எனக்குத் தெரியும். அவர் மகன் இங்கேதான் இருக்கிறார், அதனால் சொல்லவில்லை.

மாமா இறங்கினார். பழக்கத்தில் நேராக டேங்குக்குப் போய் மூடியில் கையை வைத்தார். வைத்தவர் நிமிர்ந்து பார்த்தார். அத்தனை கண்ணும் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தன. கையை எடுத்துவிட்டார். அன்றைக்கு அவர் மூடியைத் திறக்கவில்லை. பானெட்டைத் தூக்கி, கை பம்பை அடித்தார், அடித்தார், வேர்வை சொட்டச் சொட்ட அடித்தார். டீசல் வரவே இல்லை. கடைசியில் சாவியை எடுத்து அப்பாவின் கையில் வைத்தார்.

"வாரேன் அத்தான்" என்றார். அத்தை பக்கம் திரும்பவே இல்லை. கரையிலிருந்து இறங்கி பஸ் ரோட்டைப் பார்த்து நடந்தார்.

வண்டியை வீடுவரை நீங்களெல்லாம் சேர்ந்துதான் தள்ளினீர்கள். நீங்கள் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறீர்களே, அந்தப் பெரிய தள்ளு, அது இதுதான்.

அடுத்த வாரமே அப்பா ஆலங்குடியில் வெல்டிங் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோய், டேங்க் மூடியில் துளை போட்டு, போல்ட் வைத்துக் கொண்டி மாட்டி, ஒரு பூட்டையும் போட்டார். சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார். வண்டியையும் தானே ஓட்ட ஆரம்பித்தார். என்ன ஆச்சரியம், அன்றிலிருந்து வண்டி நிற்கவே இல்லை! மேட்டிலும் ஏறியது, முழு லோடோடும் ஓடியது. "பூட்டுப் போட்டதும் எப்படி ஓடுது பாத்தீங்களா?" என்று அப்பா டீக்கடையில் கேட்டார். யாருக்கும் அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை. அம்மாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. "ஒருவேளை செஞ்சிருப்பானோ" என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். வண்டி ஒழுங்காக ஓடியதும் அப்பாவுக்கு வெள்ளிக்கிழமைப் பூஜையும் மறந்துபோயிற்று. கஷ்டம் தீர்ந்துவிட்டால் சாமிக்கு லீவு விட்டுவிடுகிற வீடுதானே எங்கள் வீடு. அத்தை எனக்குத் தலை பின்னுவதை நிறுத்தினாள். அம்மா பின்னினாள். சடை நேராக இருந்தது.

தை பிறந்தது. மாட்டுப் பொங்கலன்று மாட்டோடு சேர்த்து லாரிக்கும் அலங்காரம் செய்தோம். அப்பா மறுபடியும் டேங்க் மூடிக்குச் சந்தனம் குழைத்தார். பூட்டு, கொண்டி, போல்ட் ஒன்றும் தெரியாத அளவுக்கு அப்பினார். மறுநாள் திருமயம் கோட்டையைப் பார்க்க வேண்டும் என்று நான் அழுது அடம்பிடித்ததால், அம்மா, அத்தை, நான் மூவரும் வண்டியில் ஏறினோம். அப்பா ஓட்டினார்.

பாதி வழியில் சத்தம் கம்மியது. இரண்டு குலுக்கு. நின்றுவிட்டது.

அப்பாவின் முகம் எப்படிப் போனது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இறங்கினார். அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்தார். சந்தனத்தைப் பெயர்த்துப் பூட்டைத் திறந்து, மூடியைத் திருகினார்.

"உஸ்ஸ்ஸ்" என்று காற்றை உள்ளே இழுத்தது டேங்க். சோடா பாட்டில் சத்தம்போல, ஆனால் நீளமாக. நாங்கள் எல்லாரும் கேட்டோம்.

குச்சியை விட்டுப் பார்த்தார். டீசல் நிறைய இருந்தது. கை பம்பை அடித்தார், வண்டி எழுந்தது. மூடியைப் பூட்டி ஓட்டினார். கொஞ்ச தூரத்தில் மறுபடி நின்றது, மறுபடி "உஸ்ஸ்ஸ்". மூன்றாவது தடவை அத்தையும் இறங்கினாள். அப்பாவின் கையிலிருந்து மூடியை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். கொண்டை ஊசியை உருவி அந்த மேட்டின் அடியில் குத்தினாள். காய்ந்த சந்தனம் துகள் துகளாக அவள் உள்ளங்கையில் உதிர்ந்தது. பட்டறையில் போட்ட துளையையும் குத்தினாள். அதிலிருந்தும் சந்தனம் வந்தது. டேங்குக்குள் காற்றுப் போக வழி இருந்தால்தான் டீசல் வெளியே வரும். நடுவில் வண்டி நிற்காமல் ஓடியது, பூட்டுக்காகப் போட்ட துளை வழியே காற்றுப் போனதால்தான். நாங்கள் மூச்சை அடைத்துவிட்டு, ஓடு ஓடு என்று வண்டியை விரட்டியிருக்கிறோம். டேங்க் நிறைந்திருந்தால் உள்ளே காற்றுக் குறைவு, சீக்கிரம் மூச்சுத் திணறியிருக்கிறது. திறக்கும்போதெல்லாம் அது மூச்சு விட்டிருக்கிறது. திறந்தவர் திருடன்.

"அண்ணே" என்றாள் அத்தை. "திருமயத்துக்குத்தான போறோம். அவுங்க ஊரு வழியிலதான் இருக்கு. போயிட்டுப் போவோம்."

அப்பா வண்டியில் ஏறினார். அந்த ஊருக்கே போனார். அதுவரைக்கும் எனக்கு அப்பாமேல் மரியாதை மிச்சமிருந்தது.

மாமா வீட்டுக்குள் நுழைந்ததுமே, மூலையில் கட்டுக் கட்டாகக் கரும்பும், புதுப் பித்தளைப் பானையும், சீர்த் தட்டுகளும் கண்ணில் பட்டன. தலைப்பொங்கல் சீர். அதைப் பார்த்ததும் அத்தை வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள். பேர் கெட்டுப்போன மகனுக்கு அவசர அவசரமாகக் கார்த்திகையிலேயே கல்யாணத்தை முடித்துவிட்டிருந்தார் அவர் அம்மா. எங்களுக்குச் சொல்லவில்லை, ஏன் சொல்ல வேண்டும்? ஆனால் "வாங்க, வாங்க" என்று கூப்பிட்டுப் பாய் விரித்தார். மஞ்சள் ஈரம் காயாத தாலிக்கயிற்றோடு ஒரு பெண் எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அத்தை செம்பை வாங்கி மடமடவென்று முழுதையும் குடித்தாள்.

மாமா கொல்லையிலிருந்து வந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். அப்பா தொண்டையைச் செருமினார். இப்போது கேட்கப்போகிறார், மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பழசையெல்லாம் நான் மனசுல வச்சுக்கல மாப்ள" என்றார் அப்பா. "நீ வந்துரு. வண்டிக்குச் சரியான ஆளில்ல."

மாமா வாசலில் நின்ற லாரியைப் பார்த்தார். "மூடிக்குப் பூட்டுப் போட்டிருக்கீங்க போல."

"அது... ஊர்ல களவு சாஸ்தியாப் போச்சு."

"சாவி யாருகிட்ட இருக்கு?"

"எங்கிட்டதான்."

"அப்ப நீங்களே ஓட்டுங்கத்தான்."

அத்தைக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "மூடியில சந்தனம் அடைச்சிருந்துச்சுங்க" என்றாள், மாமாவை நேராகப் பார்த்து. "காத்துப் போக வழியில்ல. அதான் நின்னுருக்கு. நீங்க ஒண்ணும் பண்ணல."

மாமா லாரியின் டேங்க் மூடியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "தெனம் நாந்தான தெறந்தேன். எனக்கே தோணலியே" என்று தன் நெற்றியில் தட்டிக்கொண்டார். எங்களைத் திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். "அதெல்லாம் இப்ப எதுக்கு" என்று அப்பா எழுந்துவிட்டார். கோட்டைக்குப் போகவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் டீக்கடையில் அப்பா சொன்னது காற்றுவாக்கில் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. 'நானே நேர்ல போயி, பழச மறந்துட்டேன், வாப்பான்னு கூப்பிட்டேன். ரோசக்காரன், வரமாட்டேன்னுட்டான்.' சந்தனத்தைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. ஊர் உருகிப்போனது. என்ன பெருந்தன்மை, என்ன பெரிய மனசு! பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கூட என்னைப் பார்த்து, "ஒங்க அப்பா மாதிரி இருக்கணும்மா" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கமான பிள்ளை என்றார்கள்.

மாசியில் அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். ஜாதகம் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா உட்கார்ந்ததும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கேள்விப்பட்டோம். திருடுனவன் வீட்டுக்கே தேடிப் போயி மன்னிச்சு, திரும்ப வேலைக்கும் கூப்பிட்டீங்களாமே. இந்தக் காலத்துல யாரு செய்வா? இந்த வீட்டுல சம்பந்தம் வைக்க நாங்க குடுத்துவச்சிருக்கணும்."

அப்பா பணிவாகத் தலையைக் குனிந்தார். காபித் தட்டோடு வந்த அத்தை, தட்டைக் கீழே வைத்தாள்.

"அவரு திருடல" என்றாள். "எங்கண்ணன் பூசுன சந்தனம் அடைச்சுக்கிட்டுத்தான் வண்டி நின்னுச்சு. மன்னிப்புக் கேக்க வேண்டியது நாங்க. இன்னும் கேக்கல."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு உள்ளுக்குள் எங்கோ குளிர்ந்து போனது. சொல்லிவிட்டாள், இனி எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

அப்பா மெல்லச் சிரித்தார். "எந்தங்கச்சிக்கு எளகுன மனசு. யாரப் பத்தியும் ஒரு சொல்லு தப்பாச் சொன்னாத் தாங்காது."

மாப்பிள்ளையின் அம்மா சட்டென்று எழுந்து வந்தார். அத்தையின் முகத்தை இரண்டு கையாலும் வழித்து, தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறித்தார். "பாருங்களேன், களவாண்டவனக்கூட விட்டுக்குடுக்க மாட்டேங்குது. இந்த மனசு ஒண்ணு போதும் எங்களுக்கு" என்று சொல்லிக்கொண்டே மடியிலிருந்த மல்லிகைச் சரத்தை எடுத்து, அத்தையின் தலையில் வைத்துவிட்டார். பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். எல்லாரும் சிரித்தார்கள்.

எங்கள் வீட்டில் உண்மையைச் சொன்னது அவள் ஒருத்திதான். அந்த உண்மையைக்கூட எங்கள் வீட்டுப் பெருமையில் சேர்த்துக்கொண்டோம். அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். நீயாவது சொல்லேன் என்று கேட்கிற பார்வை. ஒன்பது வயதுப் பிள்ளை சொன்னால் யார் நம்பியிருப்பார்கள் என்று நீங்கள் சொல்வீர்கள், எனக்குத் தெரியும். நான் அன்றைக்கும் தலையைக் குனிந்துகொண்டேன். அதற்குள் அப்பா, வந்தவர்களுக்கு இலை போடச் சொல்லிக் குரல் கொடுத்துவிட்டார்.